சீருடை இல்லாத படை

கேள்வி: ரோமப் படையைப் பற்றித் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் பார்த்தேன். அதில் வரும் கவசமும் கேடயமும் அந்தக் காலத்துக்கு உரியவை அல்ல என்று என் மகன் குறை சொல்கிறான். போர் நடந்த ஆண்டும் வென்றவர் பெயரும் சரியாக இருந்தால் போதாதா? சீருடையில் ஓரிரு தவறு இருந்தால் என்ன கெட்டுவிடும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சீருடை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நினைப்பே ஆவணப்படங்கள் நமக்குள் விதைத்துவிட்டுப் போன பிழைதான். இன்றைய ராணுவங்களுக்கு இருப்பதுபோல ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் அரசு இலவசமாகத் தைத்துக் கொடுத்த சீருடை ரோமப் படைக்கு இருந்ததில்லை. உடைக்கும் ஆயுதத்துக்கும் ஆன செலவு வீரனின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. முதல் பேரரசர் அகஸ்டஸ் இறந்த கி.பி. 14-இல், டான்யூப் நதிக்கரை மாகாணமான பன்னோனியாவில் கலகம் செய்த வீரர்களின் குறைகளை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். நாளொன்றுக்குப் பத்து அஸ் என்ற செப்புக்காசு கூலி. துணி, ஆயுதம், கூடாரம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும். கடுமையான வேலைகளிலிருந்து விலக்குப் பெற செஞ்சுரியன் என்ற படைப்பிரிவுத் தலைவனுக்கு லஞ்சமும் அதிலிருந்தே தர வேண்டும். இஸ்ரேலில் உள்ள மசாடா கோட்டையில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டில், பெய்ரூட்டைச் சேர்ந்த காயஸ் மெஸ்ஸியஸ் என்ற வீரனின் சம்பளக் கணக்கு இருக்கிறது. ஒரு தவணையாக அவன் பெற்றது 50 டெனாரியஸ் வெள்ளிக்காசு. அதில் பார்லிக்கு 16, காலணிக்கு 5, தோல் வார்களுக்கு 2, லினன் சட்டைக்கு 7 என்று கழிந்து, உணவுச் செலவையும் சேர்த்தால் கையில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. இப்படி வாங்கிய பொருளை ஒருவனிடமிருந்து இன்னொருவன் வாங்குவதும் சாதாரணமாக நடந்தது. அகழாய்வில் கிடைத்த தலைக்கவசங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கீறப்பட்டிருப்பதற்கு அதுவே காரணம். அத்தகைய படை ஒரே அச்சில் வார்த்ததுபோல அணிவகுத்து நின்றிருக்க வழியில்லை.

அப்படியானால் திரையில் தவறாமல் வரும், இரும்புத் தகட்டுப் பட்டைகளைப் பூட்டிச் செய்த அந்தத் தகட்டுக் கவசம் எங்கிருந்து வந்தது? கி.பி. 113-இல் ரோம் நகரில் திறக்கப்பட்ட டிராஜன் தூணிலிருந்து வந்தது. பேரரசர் டிராஜன் டேசியாவில், அதாவது இன்றைய ருமேனியப் பகுதியில், நடத்திய போரைச் சித்திரிக்கும் அந்தத் தூணில், ரோமக் குடிமக்களைக் கொண்ட லீஜியன் என்ற முதன்மைப் படைப்பிரிவின் வீரர்களுக்குத் தகட்டுக் கவசத்தையும், குடியுரிமை இல்லாத அயலாரைக் கொண்ட துணைப்படையினருக்குச் சங்கிலிக் கவசத்தையும் சிற்பிகள் பெரும்பாலும் கொடுத்தார்கள். தலைநகரில் அண்ணாந்து பார்ப்பவனுக்கு யார் எவர் என்று எளிதில் விளங்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதே போரின் நினைவாகப் போர்முனைக்கு அருகிலேயே, இன்றைய ருமேனியாவின் ஆடம்கிளிசியில் எழுப்பப்பட்ட சின்னத்தில் லீஜியன் வீரர்கள் சங்கிலிக் கவசமும் செதிற்கவசமும் அணிந்து, வாளேந்திய கைக்குக் காப்புப் பூட்டி நிற்கிறார்கள். அந்தச் சிற்பங்களில் நளினம் குறைவு என்பதால் ஒளிப்பதிவாளர்கள் அங்கே போவது அபூர்வம். எனக்கு அந்த முரட்டுச் சிற்பங்கள் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

பிழை இவ்வளவு பரவலாக இருப்பதற்குப் பணமும் ஒரு காரணம். 1964-இல் இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் ஒரு பெட்டிக்குள் தகட்டுக் கவசங்கள் கிடைத்தன. ரஸ்ஸல் ராபின்சன் என்ற கவச ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து, அந்தக் கவசம் எப்படிப் பூட்டப்பட்டது என்பதை விளக்கிக் காட்டினார். அதை அடியொற்றி, ரோம வீரர்களைப்போல வேடமிட்டுப் போர்முறையைச் செய்துகாட்டும் ஆர்வலர் குழுக்கள் முதலாம் நூற்றாண்டுக் கவசங்களைத் தம் கையாலேயே செய்துகொண்டன. அவர்கள் உழைப்பாளிகள், தாம் காட்டுவது எந்தக் காலம் என்பதைத் தெளிவாகவே சொல்வார்கள், அவர்களோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. அவர்களில் இருபது பேரை ஒருநாள் கூலிக்கு அழைத்துவந்து, கணினியில் இருபதாயிரமாகப் பெருக்கி, கி.மு. முதலாம் நூற்றாண்டுச் சீசருக்கும் அவர்களையே, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஹேட்ரியனுக்கும் அவர்களையே, நான்காம் நூற்றாண்டுக் கான்ஸ்டன்டைனுக்கும் அவர்களையே நிறுத்துகிற தயாரிப்பாளரோடுதான் என் வழக்கு. அரிச்சந்திரனுக்கும் அர்ச்சுனனுக்கும் ஒரே கிரீடத்தை மாட்டி அனுப்பும் நாடகக் குழு அதை வரலாறு என்று சொல்லிக்கொள்வதில்லை, இவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். கி.மு. 52-இல், இன்றைய பிரான்சில் உள்ள அலேசியாவை முற்றுகையிட்ட சீசரின் வீரர்கள் அணிந்தது சங்கிலிக் கவசம். தகட்டுக் கவசத்தின் தடயங்கள் மண்ணில் தென்படத் தொடங்குவது சீசர் இறந்து சில பத்தாண்டுகள் கழிந்த பிறகுதான்.

என்ன கெட்டுவிடும் என்று கேட்டீர்கள். கி.பி. 83 அல்லது 84-இல் ஸ்காட்லாந்தின் வடக்கே நடந்த மான்ஸ் கிராப்பியஸ் போரை எடுத்துக்கொள்ளுங்கள். படைத்தலைவர் அக்ரிகோலா, அந்தப் போரை எழுதிய டாசிட்டஸ் அவருடைய மருமகன். நடுவில் எண்ணாயிரம் துணைப்படைக் காலாட்கள், பக்கங்களில் மூவாயிரம் குதிரைவீரர்கள், பின்னால் பாசறை அரணுக்கு முன்பாக லீஜியன்கள் என்று அணிவகுப்பை டாசிட்டஸ் விவரிக்கிறார். ரோம ரத்தம் சிந்தாமல் வென்றால் வெற்றிக்குப் புகழ் கூடும் என்பதையே அந்த ஏற்பாட்டுக்குக் காரணமாகவும் அவர் சொல்கிறார். வாளோடு எதிரியை நெருங்கி முதலில் மோதியவர்கள், ரைன் நதியின் முகத்துவாரத்திலிருந்து வந்த பதாவியர்களும் இன்றைய பெல்ஜியத்துப் பகுதியிலிருந்து வந்த துங்ரியர்களும். இந்தப் போரைப் படமாக்குகிறவர் முன்வரிசையில் தகட்டுக் கவசம் பூண்ட லீஜியன் வீரர்களை நிறுத்தினால், உடையில் மட்டுமா தவறுகிறார்? குடியுரிமைக்காக இருபத்தைந்து ஆண்டு உழைக்க வேண்டியிருந்த அயலார் செய்த போரை, அன்றைக்குப் பின்னால் நின்றவர்களின் கணக்கில் எழுதிவிடுகிறார். ஆண்டு சரியாக இருக்கும், தலைவர் பெயர் சரியாக இருக்கும், போரிட்டவர்கள் மட்டும் காணாமற்போயிருப்பார்கள். ரோமப் படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய துணைப்படையினர் என்பதை நினைத்தால், இதைச் சின்னப் பிழை என்று என்னால் ஒருநாளும் ஒத்துக்கொள்ள முடியாது.

அதே துங்ரியர்களின் முதல் கோஹார்ட் என்ற படைப்பிரிவைப் பற்றி, வட இங்கிலாந்தின் ரோமக் கோட்டையான விண்டோலாண்டாவில் கிடைத்த மெல்லிய மரச்சீவல் ஒன்றில், ஒரு மே 18-ஆம் நாள் ஆள்கணக்கு மையால் எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் 752 பேர். அவர்களில் 456 பேர் அன்று கோட்டையிலேயே இல்லை. 337 பேர் கார்பிரிட்ஜில், 46 பேர் ஆளுநருக்குக் காவலர்களாக, ஒரு செஞ்சுரியன் லண்டனில் என்று பல இடங்களில் சிதறியிருந்தார்கள். எஞ்சிய 296 பேரில் 15 பேருக்கு உடல்நலம் இல்லை, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்நோய். பணிக்குத் தகுதியாக நின்றவர்கள் 265 பேர். ரோமப் படையை ‘வெல்லமுடியாத போர் இயந்திரம்’ என்று முரசொலியோடு அறிவிக்கும் எந்தக் குரலும் இந்தக் கணக்கைப் படித்து நான் கேட்டதில்லை. ஒரு பேரரசு தன் எல்லையை எப்படிக் காத்தது, ஆளில்லாமல் எப்படித் தவித்தது என்பதை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் சான்று வேறெங்கே எளிதில் கிடைக்கும்?

படைப்பயிற்சி பற்றி நூல் எழுதிய ரோமரான வெஜிடியஸின் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடைக்கால ஐந்து மணி நேரத்தில் இருபது மைல் நடக்கப் பழக வேண்டும் என்ற அவருடைய விதியைச் ஆவணப்படங்களில் சீசரின் காலத்துக் காட்சி ஓடும்போது வாசிப்பது வழக்கமாகிவிட்டது. வெஜிடியஸ் நான்காம் நூற்றாண்டின் இறுதியிலோ அதற்கும் பின்னரோ எழுதியவர். சீசருக்கும் அவருக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. தம் காலத்துப் படை சீரழிந்துவிட்டது என்று வருந்தி, பழைய நூல்களிலிருந்து திரட்டி, இப்படி இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். பரிந்துரையை நடைமுறை என்று காட்டுவது உடைக் குழப்பத்தைவிடப் பெரிய குற்றம். படங்களில் குதிரைவீரர்கள் கால் ஊன்றும் அங்கவடி ரோமர்களிடம் இருந்ததே இல்லை. நாற்கொம்புச் சேணமே அவர்களைக் குதிரைமேல் உறுதியாக இருத்தியது. கையை நேராக உயர்த்தும் ‘ரோம வணக்கம்’ 1784-இல் பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி தாவீது வரைந்த ஓவியத்தின் வழியாகப் பரவியது. எந்த ரோம நூலும் அதைப் படைவீரர்களின் வணக்கமாகக் குறிப்பிடவில்லை.

ஆவணப்படங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மறுநடிப்புக் காட்சிகளைக் குறைத்து, அகழ்குழிக்குள் இறங்கி நிற்கிற படங்களைத் தேடிப் பாருங்கள். ஜெர்மனியின் கால்கிரீசில் 2018-இல் கிடைத்த தகட்டுக் கவசத்தை மண்கட்டியோடு பெயர்த்தெடுத்து, பெரிய சி.டி. ஸ்கேன் கருவிக்குள் வைத்துத் தகடு தகடாக ஆராய்ந்தார்கள். அது கார்பிரிட்ஜ் கவசத்தைவிடப் பழைய வகை. தகட்டுக் கவசமே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்பதை அந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்தே பார்வையாளனுக்கு விளக்கிவிடலாம். மறுநடிப்புத் தவிர்க்க முடியாதது என்றால், இது மறுநடிப்பு என்றும், இதில் காணும் கவசம் இன்ன நூற்றாண்டின் சான்றைக் கொண்டு செய்தது என்றும் திரையின் அடியில் இரண்டு வரி போட வேண்டும். மூலத் தயாரிப்பாளர் அதைச் செய்யாவிட்டால், இந்தப் படங்களைத் தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பும் அலைவரிசைகளாவது செய்யலாம். தமிழ் எழுத்துகளைத் திரையில் ஏற்றும் வேலையை அவர்கள் எப்படியும் செய்கிறார்கள்.