வேலூரிலிருந்து துபாய் போகிறோம், 5ஆம் வகுப்பு மகளுக்கு எந்தப் பள்ளி?

முதலில் எத்தனை வருடம் இருப்பீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வேலூருக்கே திரும்புவதாக இருந்தால் துபாயிலுள்ள சிபிஎஸ்இ பள்ளிதான் நல்லது, ஏப்ரலில் தொடங்கும், திரும்பி வந்தாலும் பாடம் விட்டுப்போகாது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும், கட்டணமும் பொதுவாக அதிகம். கேஎச்டிஏ என்ற துபாய் அரசு அமைப்பு பள்ளிகளை ஆய்வு செய்து எழுதிய அறிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன, பள்ளிக்குக் கொடுத்த தர மதிப்பீட்டோடு நிறுத்தாமல் உள்ளேயும் படியுங்கள். அப்புறம் வீடு. பள்ளி கிடைத்த பிறகு வீடு பாருங்கள், இல்லையென்றால் குழந்தை தினமும் பேருந்திலேயே களைத்துப்போவாள். மாற்றுச் சான்றிதழில் (டிசி) என்னென்ன சான்றொப்பம் வேண்டும் என்று அந்தப் பள்ளியிடமே கேட்டு, வேலூரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தமிழ்ப் புத்தகங்களையும் பெட்டியில் வையுங்கள்.