4294967297 பகா எண்ணா, பகு எண்ணா? கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

பகு எண். 641 × 6700417. கால்குலேட்டர் தேவையே இல்லை.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். என் அக்கா மகள் ஒரு பயிற்சி மையத்தில் படித்தபோது மாதிரித் தேர்வில் இதே எண் வந்தது. அவள் பகு எண் என்று சரியாகப் போட்டாள். விடைக்குறிப்பில் பகா எண் என்று இருந்ததால் மதிப்பெண் போய்விட்டது. கேட்டதற்கு, "ஃபெர்மா எண் என்றாலே பகா எண்தான்" என்று பதில்.

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவைதான் ஃபெர்மா எண்கள். இது 2³² + 1. இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் அதைப் பொய்யாக்கிவிட்டார். இன்னமும் ஃபெர்மாவின் நம்பிக்கையை விடைக்குறிப்பில் அச்சடிக்கிறார்கள்!

அன்றிரவே அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியை எடுத்தாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே வகுபட்டுவிடும். அந்த வகுத்தலைக்கூடப் போட வேண்டாம்:

641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது 641-க்கு ஒன்று குறைவு). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம்; எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். அப்போது −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும்.

இதைவிட அழகான நிரூபணத்தை நான் பார்த்ததில்லை. அவள் கொண்டுபோன தாளை அந்த மையத்தில் ஒருவரும் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கட்டணத்துக்கு ஒரு வாரம் தாமதமானால் மட்டும் வீட்டுக்கு எத்தனை போன் வரும் தெரியுமா?

64 இல்லை, 128 என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா (Lucas) பிற்பாடு குறுக்கினாரே என்று சிலர் வருவீர்கள். தெரியும். அப்படிப் பார்த்தால் 257, 641 இரண்டை மட்டும் சோதித்தால் போதும். 6700417 பகா எண்தானா என்று பார்க்கவும் அதே வழிதான்: அதன் வர்க்கமூலம் 2589-க்குள் அடங்கிவிடுகிறது, சோதிக்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. எதனாலும் வகுபடாது. கம்ப்யூட்டரில் போட்டால் போதாதா என்பவர்களுக்கு: 2-ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையில் (எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) இந்த எண் பகா எண் போலவே தேறிவிடும். 3-ஐ வைத்தால்தான் மாட்டும்.

காரணியே தெரியாமலும் காட்டலாம். இந்த எண் 65536² + 1². அதுவே 62264² + 20449² என்றும் வரும். எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு விதமாக எழுத முடியாது. உங்கள் மையத்திலும் விடைக்குறிப்பு இப்படித்தான் இருக்கிறது என்றால், இந்த இரண்டு கூட்டலையும் அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.