ட்ரவுட்டின் தாய்வழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நம் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலை ஆறுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் இந்த நாட்டு மீனே அல்ல, 1890ல் கொண்டுவந்து விட்டது என்று சொல்லியிருந்தீர்கள். நானும் என் மகனும் கேம்பர்க் பக்கம் தூண்டில் போடப் போகிறவர்கள். என் தாத்தா காலத்திலிருந்து அந்த மீன் அங்கே இருக்கிறது. அதை அந்நியம் என்று படித்தபோது மனசுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. நம் தமிழ் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கியது 1860ல். அந்த மீனைவிட முப்பது வருஷம் மூத்தவர்கள், அவ்வளவுதான். இத்தனை தலைமுறை இங்கேயே குஞ்சு பொரித்த மீன் அந்நியம் என்றால் நாம் யார்?

இன்னொன்று. ட்ரவுட்டின் சொந்த நாடுகளில் அவற்றின் உறவுமுறையை, உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். அது தாயிடமிருந்து மட்டும்தானே வரும்? தகப்பனை விட்டுவிட்டு வம்சம் சொல்வது எப்படி? என் மகன் எச்சிலை அனுப்பி அந்த டெஸ்ட் எடுக்கலாம், அம்மாவழி ஊர் தெரிந்துவிடும் என்கிறான். எடுக்கலாமா?

ர. பிள்ளை
சாட்ஸ்வொர்த்

அன்புள்ள பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் முதல் கேள்விதான் முக்கியமானது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று தெரிந்தால்தான் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

உயிரணுவின் கருவுக்கு (நியூக்ளியஸுக்கு) வெளியே, மைட்டோகாண்ட்ரியாவுக்குள், தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் இருக்கிறது. ட்ரவுட்டில் அது ஏறக்குறைய 16,600 எழுத்து நீளம். மனிதனிலும் அவ்வளவுதான், 16,569. கருவில் இருக்கும் டிஎன்ஏ ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்ப்பாதி, தந்தைப்பாதி என்று கலந்துவிடும். இந்த வளையம் கலப்பதில்லை. பாட்டியின் மூக்குத்தி மகளுக்கும் பேத்திக்கும் போவதுபோலத் தாயிடமிருந்து அப்படியே இறங்குகிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறும். மாறியது மாறியதாகவே அந்தக் கிளையில் தங்கும். ஒரே மாற்றத்தைச் சுமக்கும் மீன்கள் ஒரே பாட்டியின் வழி வந்தவை. மாற்றங்களை அடுக்கிப் பார்த்தால் எந்தக் கிளை எதிலிருந்து பிரிந்தது என்று வரைந்துவிடலாம். தகப்பன் இல்லாமலேயே வம்சம் சொல்ல முடிவது இதனால்தான். கலக்காததால் தடம் அழிவதில்லை.

ட்ரவுட் விஷயத்தில் இது பெரிய வெளிச்சமாக இருந்தது. நம் ஆறுகளில் இரண்டு ட்ரவுட் உண்டு. 1890ல் ஸ்காட்லாந்து முட்டைகளிலிருந்து நேட்டாலில் பொரித்து விடப்பட்டது பிரவுன் ட்ரவுட். 1897ல் கேப் பக்கம் வந்தது ரெயின்போ ட்ரவுட். இரண்டையும் அண்ணன் தம்பி என்று நினைத்துத்தான் தூண்டில்காரர்கள் பேசுவார்கள். ஆனால் ரெயின்போவுக்கு பிரவுன் ட்ரவுட்டைவிட பசிபிக் கடல் சால்மன்கள்தான் நெருங்கிய சொந்தம். எலும்புகளும் மைட்டோகாண்ட்ரியாவும் இதையே சொன்னதால் 1989ல் ரெயின்போவை சால்மோ பேரினத்திலிருந்து எடுத்து, சால்மன்கள் இருக்கும் ஓன்கோரிங்கஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். பிரவுன் ட்ரவுட்டின் சொந்த எல்லை ஐஸ்லாந்தில் தொடங்கி மொராக்கோவின் அட்லஸ் மலைகள் வரை, கிழக்கே காஸ்பியன் கடல் பக்கம் வரை போகிறது. ஆப்பிரிக்காவில் சுதேச ட்ரவுட் இல்லாமலில்லை, ஆனால் வடகோடியில் மட்டும்தான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இயற்கையாக ஒரு ட்ரவுட்டும் கிடையாது. 1992ல் லூயி பெர்னாஷேயும் அவரோடு வேலை செய்தவர்களும் பிரவுன் ட்ரவுட்டின் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்து ஐந்து பெரிய கிளைகளைக் காட்டினார்கள்: அட்லாண்டிக், டான்யூப், மத்தியதரைக்கடல், ஏட்ரியாட்டிக், மார்பிள். பனியுகங்களில் தனித்தனி ஆற்றுப் படுகைகளில் ஒதுங்கிக் கிடந்த காலம்தான் இவற்றைப் பிரித்தது. கணக்கு லட்சக்கணக்கான வருஷங்களில் போகிறது.

அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வளையத்தின் அருமை அங்கேதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கொலராடோவின் மாநில மீன், பச்சை முதுகுள்ள ஒரு கட்த்ரோட் ட்ரவுட். கிரீன்பேக் என்பார்கள். 1937 வாக்கில் அது அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். பிறகு சில ஓடைகளில் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு, பல வருஷம் பாடுபட்டு வளர்த்து, ஓடை ஓடையாக விட்டார்கள். 2007ல் மரபணுச் சோதனை செய்தபோது, அவற்றில் பல மலைக்கு அந்தப் பக்கத்து கொலராடோ ஆற்றுக் கட்த்ரோட் என்று தெரிந்தது. அதோடு விடவில்லை. அருங்காட்சியக ஜாடிகளில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஸ்பிரிட்டில் ஊறிக்கிடந்த மீன்களை எடுத்தார்கள். ஓர் உயிரணுவில் கருவின் டிஎன்ஏ தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு தொகுதிதான் உண்டு, மைட்டோகாண்ட்ரியா வளையமோ நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால் அவ்வளவு பழைய சதையிலும் ஏதாவது மிஞ்சியிருக்கும். 2012ல் முடிவு வந்தது. உண்மையான கிரீன்பேக் அப்போது உலகத்தில் ஒரே ஓரிடத்தில்தான் மிச்சமிருந்தது: கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்திலுள்ள பேர் கிரீக் என்ற ஓடையில், சுமார் 6 கிலோமீட்டர் தூரத்துக்குள். அதுவும் அதன் சொந்தப் படுகை அல்ல. 1800களின் பிற்பகுதியில் ஒரு விடுதிக்காரர் விருந்தாளிகள் மீன் பிடிக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டது. கண்ணால் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது. புள்ளிகள், நிறம், செதில் எண்ணிக்கை எல்லாம் ஏமாற்றிவிட்டன.

சரி, நீங்கள் கேட்ட குறையும் உண்மைதான். தாய்வழி மட்டும் பார்த்தால் கலப்பு மறைந்துவிடும். ரெயின்போ ஆணும் கட்த்ரோட் பெண்ணும் சேர்ந்து பிறந்த குஞ்சின் வளையம் சுத்தமான கட்த்ரோட் என்றே சொல்லும். கனடாவின் கியூபெக்கில் ஓர் ஏரி இருக்கிறது. அங்கே உள்ளவை பார்வைக்கும் கருவின் டிஎன்ஏவிலும் புரூக் ட்ரவுட். ஆனால் அத்தனை மீனிலும் மைட்டோகாண்ட்ரியா ஆர்க்டிக் சார் என்ற வேறு இனத்துடையது. எப்போதோ நடந்த கலப்பில் அந்த இனத்துத் தாய்கள் விட்டுப்போனது அந்த வளையம் மட்டுமே. ஆகவே இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்று கருவின் டிஎன்ஏவையும் சேர்த்துப் படிக்காமல் முடிவு சொல்வதில்லை.

இனி நம் ஆறுகளுக்கு வருகிறேன். ட்ரவுட்டை நான் அந்நியம் என்று எழுதியதற்குக் காரணம் அது எந்த வருஷம் வந்தது என்பது அல்ல. சானி கணவாய்க்குக் கீழே ஓடும் உம்கோமசானா ஆற்றில் 1938ல் ஒரு சின்ன மீனைக் கண்டுபிடித்தார்கள். மலோட்டி மினோ, நம் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம். அதே வருஷம் டிசம்பரில் ஈஸ்ட் லண்டன் பக்கம், எப்போதோ அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த சீலகாந்த் என்ற பழங்கால மீன் கிடைத்து உலகமே பேசியது. இந்தக் குட்டி மீனை யார் கவனித்தார்கள்? கொஞ்ச காலத்தில் அது அந்த ஆற்றிலிருந்து காணாமல் போனது. ட்ரவுட் தின்றது முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். உலகத்திலேயே இல்லை என்று நினைத்திருந்தபோது 1970களின் தொடக்கத்தில் பக்கத்து நாடான லெசோத்தோவில் மறுபடி கிடைத்தது. அங்கே சில இடங்களில் அதைக் காப்பாற்றியது அருவிகள். ட்ரவுட்டால் அருவி ஏற முடியவில்லை.

அந்த மீனின் மைட்டோகாண்ட்ரியாவையும் படித்தார்கள். மொஹாலே அணை இருக்கும் படுகையில் ஒரு கிளை, கிழக்கு ஆறுகளில் இன்னொரு கிளை. ஒன்று போனால் மற்றதைக் கொண்டு அதை ஈடுகட்ட முடியாது. இதன் உறவுக்காரர்களான ரெட்ஃபின் மீன்கள் தென்கடற்கரை ஆறுகளில் இருக்கின்றன. ஒரே இனம் என்று நினைத்த ஒன்றை மைட்டோகாண்ட்ரியா பல கிளைகளாகப் பிரித்துக் காட்டியது. பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் இறங்கியிருந்தபோது, இன்று கடலுக்குள் கிடக்கும் சமவெளியில் சில ஆறுகள் ஒன்றுசேர்ந்து ஓடின. அப்படிச் சேர்ந்த ஆறுகளின் மீன்கள்தான் இன்றும் ஒரே கிளையாக இருக்கின்றன. மூழ்கிப்போன ஆறுகளின் வரைபடத்தை ஒரு விரல்நீள மீன் உடம்பில் வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய ஆச்சரியம். அதை ட்ரவுட்டின் ஒருவேளை இரையாக விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

இதை மனிதர்கள்மேல் போட்டுப் பார்க்க வேண்டாம், பிள்ளை. ட்ரவுட்டும் மினோவும் வேறு வேறு குடும்பம், ஒன்று மற்றதை விழுங்கும். மனிதர் எல்லோரும் ஒரே இனம். உலகத்தில் உயிரோடிருக்கும் எல்லோருடைய மைட்டோகாண்ட்ரியாவும் சுமார் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது. அந்த மரத்தின் மிகப் பழைய கிளை இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணின் கோய், சான் மக்களிடம்தான் அதிகம். நம்மில் பெரும்பாலோரின் எம் என்ற கிளையும் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய எல்3 என்ற கிளையின் மகள்தான். ட்ரூரோவில் வந்தவர்களுக்கு இங்கே இருக்கும் உரிமை கரும்புத் தோட்டத்தில் உழைத்ததாலும் இங்கே குடும்பம் வளர்த்ததாலும் வந்தது. எந்த டெஸ்டும் அதைக் கொடுக்காது, எடுக்கவும் முடியாது.

மகனின் டெஸ்ட் பற்றி: எடுக்கட்டும், ஆனால் ஊர் தெரியாது. எம் என்ற அந்தக் கிளை ஆசியா முழுக்கப் பரந்து கிடப்பது, பல்லாயிரம் வருஷப் பழையது. வேலூரா தஞ்சாவூரா என்று அது சொல்லாது. ஊர் வேண்டுமென்றால் கப்பல் பட்டியலைப் பாருங்கள்.  ஆணானாலும் பெண்ணானாலும் ஆளுக்கு ஒரு எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதியிருக்கும். முதலில் உங்கள் அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் அந்தக் கப்பல் எண் பல நேரம் இருக்கும். அந்த எண்ணோடு டர்பன் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வேலை சுலபம்.

கேம்பர்க்கில் தூண்டில் போடுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ட்ரவுட் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரில் பிடியுங்கள், சாப்பிடுங்கள். உயிருள்ள மீனை வாளியில் எடுத்து வேறு ஓடையில் விடுவதை மட்டும், யார் செய்தாலும், தடுத்துவிடுங்கள். அருவிக்கு மேலே என்றால் கட்டாயம்.

அன்புடன்