தடுப்பூசி விலக்குக் கடிதம்: டாக்டர் நம்பவில்லை என்றால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் கோவிட் காலத்து வேலையிடத் தடுப்பூசி விதிகள் 2022 ஏப்ரல் 26ஆம் தேதி விலக்கப்பட்டன. ஆனாலும் மருத்துவமனை, தாதிமை இல்லம், பாலர் பள்ளி போன்ற இடங்களில் தட்டம்மை, ஹெபடைட்டிஸ் பி, ஃப்ளூ ஊசிகளுக்குச் சான்று கேட்கிறார்கள். நோயாளிகளோடும் குழந்தைகளோடும் பழகும் வேலைக்கு அது நியாயமான கேள்விதான். உடம்பு உண்மையிலேயே ஏற்காதவர்கள் அதை எப்படிச் சொல்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

*2021இல் கோவிட் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை இறுகி, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது தாதிமை இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி), ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார்கள். எங்கள் புளோக் அடியில் இருக்கும் மருந்தக டாக்டரோ, "அது பயத்தில் வந்தது, கடிதம் தர முடியாது" என்கிறார்.* – தெம்பனிஸ் வாசகி

முழுக்கக் கேட்காமலே பயம் என்று சொல்லி அனுப்பியது சரியில்லை. பயத்தில் மயக்கம் வரும், தொண்டை அடைக்கும், கை கால் மரத்துப்போகும். ஆனால் தோலில் எழும்பிய தடிப்பை அன்று ஒரு மருத்துவரோ தாதியோ பார்த்து எழுதியிருந்தால், அதை யாரும் அப்படி ஒதுக்கிவிட முடியாது.

அதனால் முதலில் அந்த எழுத்தைத் தேடி எடுங்கள். நீங்கள் போன மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் அன்றைய சிகிச்சைக் குறிப்புக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் உண்டு, சில வாரம் ஆகலாம். ஊசி போட்ட எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது, ரத்த அழுத்தம் இறங்கியதா, மூச்சில் இரைப்பு இருந்ததா, அட்ரினலின் (கடுமையான ஒவ்வாமைக்கான அவசர ஊசி) போட்டார்களா அல்லது அரிப்பு மாத்திரையோடு அனுப்பினார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் காட்டிவிடும். தடுப்பூசி நிலையங்களில் எல்லாரையும் 30 நிமிடம் உட்கார வைத்தது அதற்காகத்தான். மறுநாள் வந்த தடிப்புக்கும் ஐந்தாவது நிமிடம் வந்த தடிப்புக்கும் பொருள் வேறு.

அடுத்த முறை டாக்டரிடம் கடிதம் கேட்காதீர்கள். "ஒவ்வாமை நிபுணருக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கடிதம் என்றால் அவர் தன் பெயரில் பொறுப்பேற்க வேண்டும். சரியான மருத்துவக் காரணம் இல்லாமல் சான்றிதழ் தரக் கூடாது என்பது சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் நெறிமுறை. அவர் தயங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பரிந்துரைக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. அதற்கும் மறுத்தால், மறுத்த காரணத்தைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கிருந்து போனால் நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். டான் டோக் செங், சிங்கப்பூர் பொது மருத்துவமனை இரண்டிலும் ஒவ்வாமைப் பிரிவு இருக்கிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். "எந்த ஊசியும் ஆகாது" என்ற கடிதம் உங்களுக்கு அநேகமாகக் கிடைக்காது. ஒவ்வாமை ஊசியின் ஒரு குறிப்பிட்ட சேர்மானத்துக்குத்தான் வருகிறது. ஃபைசர், மொடர்னா ஊசிகளில் சந்தேகிக்கப்பட்ட பொருள் பாலிஎத்திலீன் கிளைக்கால். எம்எம்ஆரில் அது கிடையாது. சில ஃப்ளூ ஊசிகளில் அதன் உறவான பாலிசார்பேட் உண்டு, அதனால் நிறுவனம் எந்த பிராண்டைப் போடப்போகிறது என்று கேட்டு நிபுணரிடம் சொல்லுங்கள். சோதித்துப் பார்த்து, எம்எம்ஆரை மருத்துவமனையில் கண்காணிப்பில் போடலாம் என்று அவர் சொன்னால் தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளப்போகும் முதியவர்களுக்கும் அது பாதுகாப்பு.

அதுவரை எச்ஆரிடம் சந்திப்புத் தேதியைக் காட்டி அவகாசம் கேளுங்கள். உங்கள் நோய் விவரம் முழுவதும் அவர்களுக்குத் தேவையில்லை. எந்த ஊசி, எந்தத் தேதிவரை வேண்டாம், அதுவரை எந்த வேலை செய்யலாம் என்று மட்டும் கடிதத்தில் இருந்தால் போதும்.

*எனக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. பெனிசிலினும் ஆகாது. ஃப்ளூ ஊசிக்கு விலக்கு கிடைக்குமா?* – ஈசூன் வாசகர்

கிடைக்காது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் ஃப்ளூ ஊசி போடலாம் என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. ஃப்ளூ ஊசியில் பெனிசிலின் இல்லை. முன்பு போட்டபோது காய்ச்சல் வந்தது, கை வீங்கியது என்பதும் காரணம் ஆகாது.

*பாலர் பள்ளி ஆசிரியை நான். மூன்று மாதக் கர்ப்பம். எம்எம்ஆர் சான்று கேட்கிறார்கள். சின்ன வயதில் இந்தியாவில் போட்டதாக அம்மா சொல்கிறார், அட்டை இல்லை. டாக்டர் "இப்போது போட மாட்டேன்" என்கிறார், ஆனால் எழுதித் தரவும் யோசிக்கிறார்.* – செங்காங் வாசகி

போட மாட்டேன் என்றது முழுக்கச் சரி. எம்எம்ஆர் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமிகளால் ஆனது, கர்ப்பத்தில் போடுவதில்லை. போட்டவர்களும் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வோம். "விலக்கு" என்று கேட்டதால்தான் டாக்டர் யோசிக்கிறார் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டியது தள்ளிவைப்பு. "கர்ப்பமாக இருப்பதால் எம்எம்ஆர் பிரசவத்துக்குப் பிறகு" என்று ஒரே வரி எழுத எந்த டாக்டரும் மறுக்க மாட்டார். பால் கொடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

கூடவே தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அம்மா சொல்வது உண்மையாக இருந்தால் பெரும்பாலும் ரத்தமே காட்டிக்கொடுக்கும். பொதுவாக அந்த முடிவையே சான்றாக ஏற்பார்கள். எதிர்ப்பாற்றல் இல்லை என்று வந்தால், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு தட்டம்மை கண்டால் உடனே விலகி உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

*மருத்துவமனையில் வேலை. ஹெபடைட்டிஸ் பி ஊசி முழுதாகப் போட்டும் ரத்தத்தில் ஏறவில்லை என்கிறார்கள். வேலை போய்விடுமா?* – உட்லண்ட்ஸ் வாசகர்

கவலை வேண்டாம். மூன்று ஊசிகள் கொண்ட தொடரை இன்னொரு முறை முழுதாகப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் ரத்தத்தில் எதிர்ப்பாற்றலின் அளவு 10க்குக் (mIU/mL) கீழே நின்றால், ஏற்கனவே தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "எதிர்வினை காட்டாதவர்" என்று பதிவு செய்வார்கள். நீங்கள் மறுத்தவர் இல்லை. உங்கள் உடம்பு அப்படி. நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறி உங்கள் மேல் குத்திவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், உங்களுக்கு இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள் கொண்ட ஊசி) தேவைப்படலாம்.

*வணக்கம் டாக்டர். கம்பெனியில் ஊசி போடச் சொல்கிறார்கள். எனக்கு ஊசி என்றாலே பயம். காசு கொடுத்தால் ஒரு மருந்தகத்தில் கடிதம் வாங்கிவிடலாம் என்று கூட இருப்பவர் சொல்கிறார்.* – துவாஸ், ஒரு ஊழியர்

வேண்டவே வேண்டாம், தம்பி. பொய்யான தடுப்பூசிப் பதிவு செய்ததாக 2022 ஜனவரியில் இங்கே ஒரு மருத்துவரையே கைது செய்தார்கள். காசு கொடுத்தவரும் விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும். வொர்க் பெர்மிட் போனால் ஊரில் வாங்கிய கடன் அப்படியே நிற்கும்.

பயம் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. தாதியிடம் முன்பே சொல்லுங்கள், படுக்கவைத்துப் போடுவார்கள். தமிழில் பேசக்கூடிய ஆள் வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்கிறார்கள். இல்லையென்றால் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்பு உதவும். உண்மையில் வேறு நோய் இருந்தால், ஊரில் பார்த்த மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் வரவழைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

*2022 தொடக்கத்தில் ஊசி போடாததால் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது வழக்குப் போடலாமா?* – பிடோக் வாசகர்

காலம் கடந்துவிட்டது. நியாயமற்ற பணிநீக்கப் புகாரை டிஏடிஎம் (TADM) எனப்படும், அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு அமைப்பிடம், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவக் காரணத்தால் ஊசி போட முடியாதவர்களுக்குத் தனிக் கவனம் கொடுக்கும்படி அன்றைய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு முதலாளிகளைக் கேட்டுக்கொண்டது. இப்போது இதே நிலையில் இருப்பவர்கள் டாக்டர் கடிதம், எச்ஆருக்கு அனுப்பிய மின்னஞ்சல், அவர்கள் தந்த பதில் மூன்றையும் தேதியோடு வைத்துக்கொண்டு அந்த ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள்.