ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் முக்கொம்பும்: செட்டிநாட்டார் கேள்விகளுக்குப் பதில்

கே: காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா?
ப: தாராளமாக. விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்கிவிடுங்கள். முன்னால் வரும் திருச்சியில் இறங்கிவிட வேண்டாம். அங்கிருந்து மேலூர் பூங்காவுக்கு ஆட்டோதான் சௌகரியம். காத்திருப்புக் கூலியையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாயங்காலம் பல்லவனுக்குக் காத்திருந்தால் வீடு சேர இரவு வெகு நேரமாகும். பேருந்தில் திரும்புங்கள்.

கே: போன தடவை மதியம் போனோம், பூச்சியே இல்லை. ஏன்?
ப: வண்ணத்துப்பூச்சிக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்துதான் வர வேண்டும். காலையில் இறக்கையை விரித்துக் காயும், சூடேறியதும் பறக்கும். உச்சிவெயிலில் இலைக்கடியில் ஒதுங்கிவிடும். மேகம் மூடினாலும் அப்படியே. ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயிலடிக்கும் நாட்கள் மிக நல்லவை. பூவை மட்டும் பார்க்காதீர்கள்: ஈரமண்ணில் உப்பு உறிஞ்ச ஆண் பூச்சிகள் கூட்டமாக உட்காரும். கிலுகிலுப்பைச் செடி கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள், நீல வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வரும். படம் எடுக்கும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் பறந்துவிடும்.

கே: முக்கொம்பில் பிள்ளைகளைக் குளிக்கவிடலாமா? கொள்ளிடத்தில் கணுக்கால் அளவுதானே தண்ணீர்?
ப: வேண்டவே வேண்டாம். காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வெள்ளத்தை வாங்கிப் போகும் வடிகால் கொள்ளிடம். வானம் வெளுத்திருந்தாலும் மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேரும், அணையின் மதகைத் தூக்கினால் மட்டம் சட்டென உயரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இங்கே கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய மேலணையின் 9 மதகுகளே அடித்துச் செல்லப்பட்டன. மணல் அள்ளிய குழிகள் வேறு. மேலே தெளிந்த நீர், காலை வைத்தால் ஆள் ஆழம். முக்கொம்புப் பூங்காவில் விளையாடட்டும், அது போதும்.

கே: ஆடிப்பெருக்கன்று போகலாமா?
ப: சாமி கும்பிட என்றால் போங்கள். பூச்சி பார்க்க அல்ல.

கே: எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் இவற்றை வரவைக்க முடியுமா, அண்ணே?
ப: கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தாலே கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். இளம்புழு பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் பச்சையாகிவிடும். ஆச்சிமார் அதைக் கண்டதும் மருந்தடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலியோரம் எருக்கு நின்றால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் வரும். எருக்கை வெட்டச் சொல்லாதீர்கள்.