இரண்டு டிக்கெட், நடுவில் இரண்டு மணி நேரம்: கனெக்டிங் ஃப்ளைட் கேள்வி பதில்

மலிவுக் கட்டண விமானங்களில் ஓரிடத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல வருடங்களாக இப்படித்தான் பயணம் செய்கிறேன். சில தடவை தவறவிட்டும் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, முதல் விமானம் காலை 10:40க்கு வருகிறது. அடுத்தது 12:50க்கு. இரண்டும் வெளிநாட்டு விமானம், வேறு வேறு நிறுவனம், தனித்தனி டிக்கெட். ஒரு பெட்டி செக்-இன் போடுகிறேன். இரண்டு மணி பத்து நிமிடம் போதாதா?

போதாது. முதலில் 12:50ஐ மறந்துவிடுங்கள். உங்களுக்கு முக்கியமான நேரம் பெட்டி போடும் கவுன்டர் மூடுகிற நேரம். வெளிநாட்டு விமானம் என்றால் பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஆக, 11:50. கையில் இருப்பது எழுபது நிமிடம்தான்.

அந்த எழுபது நிமிடத்தில் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். மலிவுக் கட்டண விமானத்தைப் பல இடங்களில் தொலைவில்தான் நிறுத்துவார்கள். ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவிலிருந்து நேராக டெர்மினலுக்குள் போகும் நடைபாதை) இருக்காது. படியில் இறங்கி, பஸ் நிரம்பும்வரை நின்று, டெர்மினலுக்குப் போக வேண்டும். அப்புறம் இமிகிரேஷன் வரிசை, பெட்டி வரும் பெல்ட், சுங்கம். வெளியே வந்து புறப்பாட்டு மாடிக்கு ஏறி, அங்கே மறுபடியும் ஒரு வரிசை. எல்லாம் சரியாக நடந்தாலே எழுபது நிமிடம் ஓடிவிடும். முதல் விமானம் அரை மணி நேரம் தாமதமானால் கணக்கே முடிந்தது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புறப்பாட்டுக்கு 52 நிமிடம் இருக்கும்போது கவுன்டர் முன்னால் போய் நின்றேன். பெல்ட் நின்றிருந்தது. அந்தப் பெண் தலைக்கு மேலிருந்த திரையை அணைத்துக்கொண்டிருந்தார். "மேடம், சிஸ்டம் மூடிவிட்டது, நான் நினைத்தாலும் முடியாது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் ஏற வேண்டிய விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அடுத்த நாள் டிக்கெட்டுக்கு முதல் டிக்கெட்டைப்போல மூன்று மடங்கு கொடுத்தேன்.

கேள்வி: ஒரே தளத்தில், ஒரே தடவை பணம் கட்டித்தான் வாங்கினேன். அப்படியானால் ஒரே டிக்கெட்தானே?

கட்டாயம் இல்லை. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். முன்பதிவு தளங்கள் இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டைச் சேர்த்து ஒரே விலையாகக் காட்டும். 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்', அதாவது மாறுவது உங்கள் பொறுப்பு, என்று எங்காவது சின்னதாக எழுதியிருக்கும். இரண்டு பி.என்.ஆர். எண் வந்தால், பெரும்பாலும் இரண்டு தனி ஒப்பந்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பல்ல. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தாலும், தனித்தனியாக வாங்கியிருந்தால் இதே கதைதான்.

சில தளங்கள் தாங்களே ஓர் உத்தரவாதம் விற்கின்றன. அது தளத்தின் வாக்கு, விமான நிறுவனத்தின் வாக்கு அல்ல. கவுன்டரில் அதைக் காட்டிப் பயனில்லை.

மலிவு நிறுவனங்கள் எல்லாமே இப்படி என்றும் சொல்ல முடியாது. ஏர்ஏசியாவில் ஃப்ளை-த்ரு என்று வாங்கினால் கோலாலம்பூரில் பெட்டி தானாக மாறிவிடும், இமிகிரேஷன் தாண்ட வேண்டாம். ஸ்கூட் நிறுவனமும் சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட்டில் இணைப்பு விற்கிறது. இதிலெல்லாம் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் இதைத்தான் முதலில் தேடுவேன்.

கேள்வி: நடுவில் இறங்கும் நாட்டுக்கு விசா வேண்டுமா? நான் வெளியே போகப்போவதில்லையே?

செக்-இன் பெட்டி இருந்து, டிக்கெட் தனித்தனியாக இருந்தால், பெட்டியை எடுக்க நீங்கள் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். வெளியே போவது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தேவைப்பட்டால், முதல் ஊரிலேயே ஏற்ற மாட்டார்கள். டிக்கெட் வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. அமெரிக்கா வழியாகப் போனால், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் முதலில் இறங்கும் இடத்தில் இமிகிரேஷன் தாண்ட வேண்டும். அதற்கான விசாவும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: கைப்பை மட்டும் கொண்டு போனால்?

நிலைமை நிறைய மாறும். வெளியே போகாமலே மாற முடிகிற இடங்களில் பெல்ட், சுங்கம், கவுன்டர் எல்லாம் போய்விடும். போர்டிங் பாஸை முதல் நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில நிறுவனங்கள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களைக் கவுன்டருக்கு வரச் சொல்லி ஆவணம் பார்க்கும். அது இருந்தால் மறுபடியும் கவுன்டர் மூடும் நேரம்தான் கணக்கு. எடையும் இரண்டு நிறுவனத்தில் எது குறைவோ அதற்கு ஏற்ப இருக்கட்டும்.

கேள்வி: சரி, எவ்வளவு இடைவெளி விட்டால் நிம்மதியாக இருக்கலாம்?

தனித்தனி டிக்கெட்டுக்கு என் கணக்கு இது: உள்நாட்டிலிருந்து உள்நாட்டுக்கு மூன்று மணி நேரம், வெளிநாடும் பெட்டியும் சேர்ந்தால் ஐந்து. அன்றைய கடைசி விமானத்தை இரண்டாவதாகப் போடவே மாட்டேன். அது போனால் இரவு முழுக்க நாற்காலிதான்.

முதல் விமானம் விடியற்காலையில் இருந்தால் நல்லது. காரணம் இருக்கிறது. மலிவு நிறுவனங்கள் பிழைப்பதே ஒரே விமானத்தை ஒரு நாளில் பல தடவை பறக்கவிடுவதால்தான். இறங்கியதிலிருந்து மறுபடி கிளம்ப 25, 30 நிமிடம்தான் வைத்திருப்பார்கள். காலையில் இருபது நிமிடம் பிந்தினால் அதைச் சரிக்கட்ட இடம் இல்லை. சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போய், மாலை விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து நிற்கும். ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று பாருங்கள். அட்டவணையைவிட அதை நம்பலாம்.

கேள்வி: பாங்காக்கில் மாற மூன்று மணி நேரம் இருக்கிறது. போதுமா?

எந்த விமான நிலையம் என்று முதலில் பாருங்கள். அங்கே இரண்டு: டான் முவாங், சுவர்ணபூமி. மலிவு விமானங்கள் பல டான் முவாங்கில்தான். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டும் என்றால் ஊர் நெரிசலில் மாட்டினால் மூன்று மணி நேரம் போதாது. இஸ்தான்புல், மிலான், லண்டனிலும் இதே சிக்கல். நகரத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், டிக்கெட்டில் விமான நிலையத்துக்கு இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்.

கேள்வி: 14ஆம் தேதி இரவு 10 மணிக்கு இறங்குகிறேன். அடுத்தது 14ஆம் தேதி 00:25 என்று இருக்கிறது. சரிதானே?

இல்லை, உடனே மாற்றுங்கள். 14ஆம் தேதி 00:25 என்றால் 13ஆம் தேதி ராத்திரி தூங்கப் போகும் நேரம். நீங்கள் இறங்கும்போது அது போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். உங்களுக்கு வேண்டியது 15ஆம் தேதி.

கேள்வி: முதல் விமானம் இப்போதே தாமதம். அடுத்தது கிடைக்காது என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

ஓடிப் பார்க்கலாம் என்று சும்மா உட்காராதீர்கள். இரண்டாவது விமானம் கிளம்புவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் செயலியில் போய்த் தேதியையோ நேரத்தையோ மாற்றப் பாருங்கள். மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் கடைசி நேரப் புது டிக்கெட்டைவிடக் குறைவு. விமானம் போனபிறகு பெரும்பாலும் அந்த டிக்கெட்டுக்கு மதிப்பே இல்லை. விதிவிலக்கு சில உண்டு: ஈஸிஜெட், ரயன்ஏர் போன்றவற்றில், தவறவிட்ட சிறிது நேரத்துக்குள் விமான நிலையக் கவுன்டருக்குப் போனால் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு அடுத்ததில் இடம் தருவார்கள். கேட்டுப் பாருங்கள்.

இறங்குவதற்கு முன் பணிப்பெண்ணிடம் சொல்லி முன்வரிசைக்கு மாறுவதும் உதவும். இமிகிரேஷன் வரிசையில் 150 பேருக்கு முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் ஒன்றல்ல.

கேள்வி: நஷ்டஈடு கிடைக்காதா?

ஐரோப்பாவில் 261/2004 என்ற விதி இருக்கிறது. மலிவு நிறுவனங்களுக்கும் பொருந்தும். போய்ச் சேர மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, அது நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தால், தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று உண்டு. ஒரே முன்பதிவு என்றால் கடைசி ஊருக்கு எப்போது சேர்ந்தீர்கள் என்பதுதான் கணக்கு. முதல் விமானம் 50 நிமிடம்தான் தாமதம், ஆனால் அதனால் அடுத்ததை விட்டு ஐந்து மணி நேரம் பிந்திச் சேர்ந்தீர்கள் என்றாலும் கேட்கலாம். தனித்தனி டிக்கெட் என்றால் அந்த 50 நிமிடம் மட்டும்தான் கணக்கு, கையில் ஒன்றும் வராது. பயணக் காப்பீட்டிலும் பலவற்றில் தனி டிக்கெட் இணைப்பை விலக்கியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை வாங்குவதற்கு முன் படியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, தனியாக வருகிறார். தனித்தனி டிக்கெட்டில் நல்ல மிச்சம். வீல்சேர் சொல்லிவிட்டால் போதாதா அக்கா?

வேண்டாம். வீல்சேர் உதவி அந்தந்த டிக்கெட்டோடு முடிந்துவிடும். முதல் நிறுவனத்துக்காக வருபவர் பெட்டியை எடுத்துக் கொடுத்து, வருகைப் பகுதி வாசலில் விட்டுவிட்டுப் போய்விடலாம். அங்கிருந்து புறப்பாட்டு மாடிக்கு, அடுத்த கவுன்டருக்கு, யார் தள்ளுவார்கள்? இரண்டாவது நிறுவனத்தின் ஆள் அங்கே கவுன்டரில்தான் காத்திருப்பார். நேரடி விமானம் பாருங்கள். இல்லையென்றால் ஒரே டிக்கெட்டில், மூன்று மணி நேர இடைவெளியில் போடுங்கள். வீல்சேரை 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிட்டு, இரண்டு பகுதிக்கும் பதிவாகியிருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். விமான எண், உங்கள் போன் நம்பர் இரண்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.