பனி உறையும் கூரையும் ஐப்பசி மழையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் கனடாவின் மாண்ட்ரியலில் தனி வீட்டில் இருக்கிறாள். கூரை விளிம்பில் ஓடும் கட்டரை (மழைநீர்க் கால்வாயை) நவம்பரிலேயே சுத்தம் செய்துவிட்டார்கள். ஆனாலும் ஜனவரியில் அதில் பனிக்கட்டி இறுகி, ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிறது. மாடி அறைச் சுவரில் கசிவு வேறு. வெந்நீர் ஊற்றிக் கரைக்கலாமா என்று கேட்கிறாள்.
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வெந்நீர் வேண்டவே வேண்டாம். ஊற்றிய நீர் நாலடி தள்ளிப் போய் மறுபடி உறைந்து, இருக்கிற கட்டியோடு சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் கட்டராக இருந்தால் திடீர்ச் சூட்டில் வெடித்தும் போகலாம்.

குப்பையை எடுத்த பிறகும் உறைகிறது என்றால் கோளாறு கட்டரில் இல்லை, கூரைக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்குள் போடும் ஹீட்டரின் வெப்பம் உள்கூரை இடுக்குகள் வழியாக மேலே இருக்கும் பரணுக்குள் ஏறி, கூரையின் நடுப்பகுதியைச் சூடாக்குகிறது. அங்கே படிந்த பனி உருகிக் கீழே வழிகிறது. கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு அந்தச் சூடு கிடையாது. வந்த நீர் அங்கே உறைந்து அணை கட்டிவிடுகிறது. பின்னால் வரும் நீர் தேங்கி, ஓடுகளுக்கு அடியில் ஏறிச் சுவருக்குள் இறங்குகிறது. மாடி அறைக் கசிவு அதுதான்.

நிலையான தீர்வு பரணில்தான். மின்விளக்குக் குழிகள், குழாய் ஏறும் துளைகள், பரண் கதவின் விளிம்பு எல்லாவற்றையும் முதலில் அடைத்து, அதன்மேல் வெப்பக்காப்புப் பஞ்சைக் கனமாகப் பரப்ப வேண்டும். விளிம்பில் உள்ள காற்றுத் துளைகளைப் பஞ்சு மூடிவிடக் கூடாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பரணுக்குள் காற்றை விடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது வீட்டுக்கு வெளியேதான் திறக்க வேண்டும்.

இந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் சமாளிக்க: பனி விழுந்ததும், நீளக் கம்புள்ள கூரை வாரியால், தரையில் நின்றபடியே விளிம்பிலிருந்து மூன்று, நான்கு அடிப் பனியை இழுத்துவிடலாம். பக்கத்தில் மின்கம்பி போனால் அலுமினியக் கம்பு ஆகாது. ஏற்கெனவே அணை கட்டிவிட்டதா? பழைய நீளக் காலுறையில் கால்சியம் குளோரைடு உப்பை நிரப்பி, அணைக்குக் குறுக்காக, முனை கட்டருக்கு மேல் நீட்டும்படி கிடத்தினால் தண்ணீர் போக ஒரு வழி உருகும். சாதாரணக் கல் உப்பு தகரத்தை அரிக்கும், கீழே உள்ள செடிகளைக் கருக்கும். சுத்தியலால் உடைத்தால் பனிக்கட்டியோடு ஓடும் உடையும். சூடேற்றும் கேபிள் போட்டால் விளிம்போடு நிறுத்தாமல், கீழிறங்கும் குழாயின் வாய் வரை கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மேலே உருகியது குழாய்க்குள் உறைந்துவிடும். மின்கசிவுத் தடுப்பு உள்ள பிளக்கில் மட்டுமே செருக வேண்டும்.

கட்டியை அப்படியே விட்டுவைப்பதும் நல்லதல்ல. 5 அங்குல அரைவட்டக் கட்டர் 10 மீட்டர் நீளத்துக்கு நிறைந்து உறைந்தால் 55 கிலோவுக்கு மேல் வரும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவதால் மூட்டுகளும் பிளக்கும். அடுத்த நவம்பரில் கடைசி இலை உதிர்ந்த பிறகு சுத்தம் செய்துவிட்டு, கட்டரில் குழாய்க்கு எதிர்முனையிலிருந்து ஹோஸ் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். 10 அடிக்குக் கால் அங்குலமாவது குழாய்ப் பக்கம் சரிவு வேண்டும். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே கொக்கி தளர்ந்திருக்கிறது. குழாயின் வாய் அஸ்திவாரத்திலிருந்து நாலைந்தடி தள்ளி இருக்கட்டும். நடைபாதைப் பக்கம் திருப்பினால் அங்கே வழுக்குப் பனியாகிவிடும்.

கேள்வி: ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மொட்டைமாடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 1,000 சதுர அடிக்கு ஒரே ஒரு 4 அங்குலக் குழாய். போதாதா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போதாது. 4 அங்குலக் குழாய் ஒன்று 400 முதல் 500 சதுர அடிக்குத்தான் சரி, இன்னொன்று இறக்குங்கள். 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. அந்த மழை உங்கள் மாடி அளவுள்ள தளத்தில் விழுந்தால் 44,000 லிட்டருக்கு மேல். அரை அடி தேங்கினாலே 14 டன் பாரம்.

குழாய் வாயில் தட்டையான ஜாலி இருந்தால், ஒரு கைப்பிடி வேப்பிலை போதும், அடைத்துக்கொள்ளும். கூம்பு போல மேலே எழும்பிய ஜாலி போடுங்கள். கீழே இலை படிந்தாலும் மேல் துளைகளில் தண்ணீர் இறங்கும். கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து 2 அங்குலம் மேலே ஒரு 2 அங்குலக் குழாயை வெளியே நீட்டி வைப்பது மிக முக்கியம். அதில் தண்ணீர் கொட்டினால் பிரதானக் குழாய் அடைத்துவிட்டது என்று தெருவிலிருந்தே தெரியும். குழாய் வாயில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, இடுக்கைச் சிமென்ட்டால் அடையுங்கள். அடைப்பைக் கம்பியால் குத்தினால் எல்போ மூட்டு விட்டுப்போய்ச் சுவர் ஊறும். வளையும் ஸ்பிரிங்கைச் சுழற்றி இறக்குவதே முறை. புரட்டாசி முடிவதற்குள் இதெல்லாம் ஆகட்டும்.

கேள்வி: ஓட்டு வீடு. இறவாணத்தில் மாட்டிய தகரக் கால்வாய் சில வருடங்களிலேயே துருப்பிடித்துவிடுகிறது.
— வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: உப்புக் காற்றுக்குத் தகரம் நிற்காது. பி.வி.சி. போடுங்கள், 2 அடிக்கு ஒரு கொக்கி, திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். வெயிலில் பி.வி.சி. நீளும் என்பதால் மூட்டுகளில் விரிய இடம் விடச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கு விடுவதாக இருந்தால், முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு வேண்டும். ஓட்டில் படிந்த உப்பும் காக்கை எச்சமும் அதோடு போய்விடும்.